ஆடு திருடர்களை விரட்டிச் சென்று உயிர்விட்ட எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன்: பணியில் இறக்கும் போலீஸாருக்கு என்னென்ன மரியாதை?

2021 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே பள்ளத்துப்பட்டி ரயில்வே சுரங்கப்பாதை பகுதியில், ரோந்துப் பணியில் இருந்த சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் பூமிநாதன் வெட்டிக் கொல்லப்பட்டார். காரணம், ஒரு ஆடு திருட்டு. தமிழகத்தையே உலுக்கிய அந்த சம்பவத்துக்குப் பிறகு அவருக்கு அரசு என்ன செய்தது? பணியில் உயிர்விடும் போலீஸாரை நாடு எப்படி நினைவுகூர்கிறது? பார்க்கலாம்.

என்ன நடந்தது?

பூமிநாதன் வேலை பார்த்தது திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்தில். நள்ளிரவு ரோந்தின்போது டூவீலரில் ஆடுகளோடு போனவர்களை நிறுத்தச் சொன்னார். அவர்கள் நிற்கவில்லை. தன்னுடைய பைக்கிலேயே சுமார் 15 கிலோமீட்டர் விரட்டிப் போய், மாவட்ட எல்லை தாண்டி மடக்கினார்.

அந்த நேரத்தில் அவர் தனி ஆள். உதவிக்கு சக அதிகாரியை போனில் அழைத்தார். பிடிபட்டவர்களில் ஒருவரின் தாயாரிடமும் போனில் பேசியிருக்கிறார் என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு பின்னர் சொன்னார். உதவிக்கு ஆள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாளே 19 வயது இளைஞர் ஒருவரும், 18 வயது நிரம்பாத 2 பேரும் பிடிபட்டனர். வழக்கில் சிக்கும் சிறார்களின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம்.

ஒரு ஆட்டுக்காக இவ்வளவு தூரம் போகணுமா?

சம்பவத்துக்குப் பிறகு பலர் கேட்ட கேள்வி இது. திருச்சி, புதுக்கோட்டை கிராமங்களில் ஆடு என்பது ஏழைக் குடும்பத்தின் சேமிப்பு. ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரி செலவு என அவசரம் வந்தால் முதலில் விற்பது ஆட்டைத்தான். ஒரே ராத்திரியில் பட்டி காலியானால் அந்தக் குடும்பத்துக்கு அது பேங்க் கணக்கு காலியான மாதிரி.

சரி, வேறு மாவட்டத்துக்குள் போக அவருக்கு அதிகாரம் இருந்ததா? இருந்தது. வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய நபரை இந்தியாவின் எந்த இடத்துக்கும் விரட்டிச் செல்லலாம் என்றது அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 48-வது பிரிவு. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அதே விதி தொடர்கிறது. கொலை நடந்த இடம் கீரனூர் எல்லை என்பதால் வழக்கு புதுக்கோட்டை மாவட்டத்தில் பதிவானது.

எஸ்.எஸ்.ஐ. என்றால் யார்?

நேரடியாக எஸ்.ஐ. தேர்வு எழுதி வருபவர் அல்ல. கடைநிலை காவலராகச் சேர்ந்து, முதல் நிலைக் காவலர், ஏட்டு என ஏறி, சுமார் 25 ஆண்டு சர்வீஸ் முடித்தவருக்குக் கிடைக்கும் பதவி இது. அதாவது பூமிநாதன் ஐம்பது வயதைத் தாண்டியும் ராத்திரி ரோந்து போனவர்.

அவருக்கு என்ன மரியாதை கிடைத்தது?

போலீஸ் அணிவகுப்போடு, குண்டுகள் முழங்க, அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடந்தது. முதல்வர் மு.க.ஸ்டாலின் குடும்பத்துக்கு ரூ.1 கோடி நிதியுதவியும், ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தார்.

ஆனால் இந்தத் தொகை எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. 2020 ஜனவரி 8-ல் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சுட்டுக் கொல்லப்பட்ட எஸ்.எஸ்.ஐ. வில்சன் குடும்பத்துக்கு ரூ.1 கோடி. அதே ஆண்டு ஆகஸ்ட் 18-ல் தூத்துக்குடி மாவட்டத்தில் ரவுடியைப் பிடிக்கப் போய் வெடிகுண்டு வீச்சில் இறந்த காவலர் சுப்பிரமணியன் குடும்பத்துக்கு ரூ.50 லட்சம். 2025 ஆகஸ்டில் உடுமலை அருகே குடிமங்கலத்தில், அப்பா-மகன் தகராறை விசாரிக்கப் போன இடத்தில் கொல்லப்பட்ட எஸ்.எஸ்.ஐ. சண்முகவேல் குடும்பத்துக்கும் அரசு நிதியுதவி அறிவித்தது. நான்கு பேருமே டூட்டியில் கொல்லப்பட்டவர்கள்தான். தொகை மட்டும் சம்பவத்துக்கு சம்பவம் மாறுகிறது.

அக்டோபர் 21 எதற்காக?

காவலர் வீரவணக்க நாள். இதன் பின்னணி லடாக் எல்லையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே எல்லைக் காவலில் இருந்தது ராணுவம் அல்ல, போலீஸ். 1959 அக்டோபர் 20-ல் ஹாட் ஸ்பிரிங்ஸில் இருந்து கிளம்பிய 3 குழுக்களில் ஒன்று திரும்பவில்லை. காணாமல்போனவர்களைத் தேடி மறுநாள் அதிகாரி கரம் சிங் தலைமையில் போலீஸார் போனபோது, சீனப் படையினர் மலை மேலிருந்து சுட்டதில் 10 போலீஸார் இறந்தனர். அடுத்த ஆண்டு ஜனவரியில் கூடிய போலீஸ் தலைவர்கள் மாநாடு, அந்த நாளை நாடு முழுக்க அனுசரிக்க முடிவு செய்தது.

முந்தைய ஆண்டு செப்டம்பர் 1 முதல் அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 வரை பணியில் உயிர்விட்டவர்களின் பெயர்கள் அன்று நினைவுகூரப்படும். அந்தக் கணக்கில் பூமிநாதன் 2022-ம் ஆண்டு பட்டியலுக்கு உரியவர். சென்னையில் மெரினா எதிரே உள்ள டி.ஜி.பி. அலுவலக வளாகத்தின் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பார்கள். டெல்லி சாணக்கியபுரியில் 2018 அக்டோபர் 21-ல் தேசிய காவலர் நினைவகம் திறக்கப்பட்டது. 30 அடி உயர, 238 டன் எடையுள்ள ஒற்றைக் கருங்கல் தூணும், உயிர்விட்டவர்களின் பெயர் பொறித்த சுவரும் அங்கே உள்ளன.

அதன்பிறகு என்ன மாறியது?

ரோந்து போகிறவர்கள் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும், உயிருக்கு ஆபத்து என்றால் பயன்படுத்தத் தயங்கக் கூடாது என்று சைலேந்திரபாபு அப்போது அறிவுறுத்தினார். தற்காப்புக்கான உரிமை சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் பள்ளத்துப்பட்டியில் அன்று ராத்திரி இல்லாமல்போனது துப்பாக்கி மட்டுமல்ல, பக்கத்தில் நிற்க இன்னொரு ஆளும்தான். ஹாட் ஸ்பிரிங்ஸில் 10 பேர் உயிர்விட்டது, திரும்பாத சகாக்களைத் தேடிப் போய். தனியாக ஒருவரை விடக் கூடாது என்பதுதான் அந்த நாள் சொல்லும் பாடம். மலர்வளையம் வருஷத்துக்கு ஒரு நாள். ரோந்து தினம் தினம் ராத்திரி.