ஒரு வயசுக்குள்ளே கேட்கணும்

பிறந்த குழந்தைக்கு எல்லா மொழியும் சொந்தம்தாங்க. 1984-ல் கனடாவில் வெர்க்கரும் டீஸும் சோதிச்சாங்க: இங்கிலீஷ் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாசத்தில் இந்தி 'த', 'ட' வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சுது, ஒரு வயசு நெருங்கினதும் முடியலை.

அந்தமானில் கேட்கிற காதே மிஞ்சலை. 1858-ல் கைதிகள் குடியேற்றம். 1863-ல் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்'. அப்படிப்பட்ட இல்லங்களில் பிறந்த 150 குழந்தைகளில் ஒண்ணுகூட ரெண்டு வயசு தாண்டலைன்னு பதிவு இருக்கு. (லெட்ஜர் பார்த்தே பழகின எனக்கு அந்த ஒரு என்ட்ரியைத் தாண்டிப் போக முடியலை.) 1877-ல் தட்டம்மை வேற.

மிஞ்சினவங்களோட பிள்ளைங்க இந்திக்கு மாறிட்டாங்க. 'போ' மொழிக்குக் கடைசியா இருந்தவர் போவா பாட்டி. மொழியியலாளர் அன்விதா அப்பி அவர் பேச்சைப் பதிவு செஞ்சு வச்சார். பாட்டி 2010 ஜனவரி 26-ல் இறந்தார். அந்த மொழியில் பேச ஆளில்லாமல், பறவைங்ககிட்டே பேசிட்டிருப்பாராம்.