மிஸ்ஸோனியாரின் ஆடைத்தொழில் வரலாறு

துணியில் நிறங்களை அமைப்போன் ஓவியனாவானோ, அன்றி வெறுந் தொழிலாளியோ என எம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் எம்மை ஒருநாள் வினவினான். அவனுக்கு யாம் விடையாகக் கூறிய வரலாற்றையே சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் ஈண்டு வரைகின்றோம்.

இத்தாலியராகிய ஒட்டாவியோ மிஸ்ஸோனி என்பார் 1921-ஆம் ஆண்டு பெப்ருவரி 11-ஆம் நாள் ரகூசா நகரிற் பிறந்தார். அந்நகர் இக்காலத்துத் துப்ரோவ்னிக் எனப்படும். தந்தையார் கப்பற்றலைவர். இளமையில் மைந்தர்க்கு ஓட்டமே உயிராயிருந்தது. பின்னர்ப் பெரும்போர் மூண்டது. 1942-இல் எல் அலமேன் போர்க்களத்தில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, 1946 வரையில் எகிப்து தேயத்துச் சிறைமுகாமிற் கழித்தார். ஓட்டக்காரனுக்கு அவ்வயது எத்துணை அரியது என்பதை யாம் விரித்தல் வேண்டா.

மீண்டவர், தட்டெறிதலிற் புகழ்பெற்ற ஓபர்வேகர் என்னும் நண்பருடன் கூடித் திரியெஸ்தே நகரில் விளையாட்டு வீரர்க்குரிய கம்பளியுடைகள் பின்னுந் தொழிலைத் தொடங்கினார். 1948-இல் இலண்டன் ஒலிம்பிக் விழாவிற்குச் சென்ற இத்தாலிய வீரர் அணிந்தவை அவ்வுடைகளே. அவ்விழாவில் 400 மீட்டர்த் தடையோட்டத்து இறுதிப் போட்டியில் ஆறாமிடம் பெற்றவரும் அவரே. தாம் பின்னிய உடையைத் தாமே அணிந்து உலகத்தார்முன் நின்ற தொழிலாளர் எத்துணைவர்!

ஆங்குப் படிக்கச் சென்றிருந்த ரொஸீத்தா என்னும் பதினாறாட்டை நங்கை அவரைக் கண்டார். 1953-இல் இருவர்க்கும் மணம் நிகழ்ந்தது. அம்மையாரின் குடும்பத்தார் சால்வையும் பூவேலைத் துணியுஞ் செய்வோர். மணமக்கள் கல்லராத்தே என்னும் ஊரிற் சில பின்னற்பொறிகளை நிறுவினர்.

நூலோடு பழகிய அன்பர்கள் இனி வருவதனைச் சற்று ஊன்றி நோக்குக. அவர்தம் தொடக்கப் பொறிகள் கோடுகளையன்றி வேறொன்றுந் தரவல்லன அல்ல. அக்குறையையே அவர்கள் அழகாக்கினர். 1962-இல், சால்வை பின்னுதற்குரிய ராஷெல் என்னும் பொறியை உடைக்குப் பயன்படுத்தலாயினர். தறியிற் பாவும் ஊடையும் உண்டு. ராஷெல் பொறியிலோ பாவு உண்டு, ஊடை இல்லை. பாவுநூல் ஒவ்வொன்றும் இடமும் வலமுமாக அசைந்து, பக்கத்து ஊசியிற் கண்ணி கோத்துச் செல்லும். அவ்வசைவே துணியில் நெளிகோடாய் வெளிப்படுகின்றது. மிஸ்ஸோனி என்றவுடன் உலகத்தார் நினைக்கும் அந்நெளிகோடு, வேலையின் இயல்பிலேயே பிறந்ததாகும். மேலே வரைந்து ஒட்டியதன்று. அன்றியும் ஒரே நூலில் இடத்திற்கு இடம் வெவ்வேறு சாயம் ஏற்றி, நிறங்கள் ஒன்றினுள் ஒன்று கரையுமாறு செய்தனர்.

கட்டமிட்ட தாளில் வண்ணந்தீட்டித் துணியை வகுத்தவர் மிஸ்ஸோனியார். அத்துணியை உடையாக வடிவமைத்தவர் அம்மையார். ஆயினும் கணவர் பெயரை மட்டும் எழுதிச் செல்வார் பலர். அது நடுவுநிலைமை அன்று என்பது எம் துணிபு.

1967-இல் பிளாரன்ஸ் நகரத்துப் பித்தி மாளிகையில் உடைக்காட்சி நிகழ்ந்தபோது, விளக்கொளியில் மெல்லாடை உடலைப் புலப்படுத்திற்று. பழிச்சொல் எழுந்தது, மறுமுறை அவர்கட்கு அழைப்பு இல்லை. அவர்களோ மிலான் நகரையே தம் காட்சிக்களமாகக் கொண்டனர். 1973-இல் அமெரிக்காவில் நீமன் மார்க்கஸ் பரிசு கிடைத்தது. பழித்தவர் யாவரென இன்று எவரும் நினைப்பதில்லை. ஆடவர், மகளிர் என்னும் வேறுபாடின்றி இருபாலாரும் அவர்தம் பின்னலுடைகளை அணிந்தனர். 1983-இல் மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கின் இசைநாடகம் ஒன்றற்கும் மிஸ்ஸோனியார் உடையமைத்தார்.

முதுமையிற் பெருந்துயர் வந்தது. 2013 ஜனவரியில், மூத்த மகன் வித்தோரியோ ஏறிச்சென்ற சிறு விமானம் வெனிசுவேலாக் கடற்பாங்கரில் மறைந்தது. தந்தையார் அவ்வாண்டு மே 9-ஆம் நாள், தம் 92-ஆம் வயதில், தொழிற்கூடம் அமைந்த சுமிராகோவில் உயிர்நீத்தார். விமானம் கடலடியிற் கண்டெடுக்கப்பெற்றது அதன்பின்னர், ஜூன் திங்களிலாம். கணவரையும் மகனையும் ஒரே ஆண்டில் இழந்த ரொஸீத்தா அம்மையார் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மறைந்தார்.