பாடத் திட்டமிடலும் தலைமையாசிரியர் மேற்பார்வையும்

ஆசிரியரின் வகுப்பு ஆயத்தத்தைப் பார்வையிட்டு அது மேம்பட உதவுவது தலைமையாசிரியரின் மேற்பார்வைப் பணிகளுள் ஒன்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அதற்கு வழக்கமான கருவி பாடக்குறிப்பேடு. ஆர்வமூட்டல், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல் முதலிய படிநிலைகளை எழுதி ஆசிரியர் ஏட்டை வைக்க, தலைமையாசிரியர் கையொப்பமிடுகிறார். ஏடு எழுதப்பட்டது என்பதற்கே அந்தக் கையொப்பம் சான்று. பாடம் யோசிக்கப்பட்டது என்பதற்கு அல்ல. கையொப்பம் மட்டுமே எதிர்பார்க்கப்படும் இடத்தில் சென்ற ஆண்டுக் குறிப்பையே தேதி மாற்றி எழுதினாலும் போதும். பாடத்தைப் பற்றிய பேச்சாக அமையும்போதே மேற்பார்வை திட்டமிடலை மாற்றுகிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மோரிஸ் கோகன் குழுவினர் உருவாக்கிய 'கிளினிக்கல்' மேற்பார்வை முறை இந்தப் பேச்சுக்கு ஓர் ஒழுங்கு தந்தது. ராபர்ட் கோல்டுஹாமர் 1969இல் வெளியிட்ட நூல் அதை 5 கட்டங்களாக வகுத்தது; முதற்கட்டம் வகுப்புக்கு முந்திய கலந்துரையாடல். பின்னக் கூட்டல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். "1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளைக்கு என்ன செய்வீர்கள்?" என்று தலைமையாசிரியர் முன்கூட்டியே கேட்டால், விடையைச் சொல்லிக்கொடுக்கும் திட்டம் தவறான புரிதலைத் திருத்தும் திட்டமாகிறது.

அமெரிக்காவின் மயாமி-டேட் மாவட்டப் பள்ளிகளை ஆராய்ந்து கிரிசம், லோப், மாஸ்டர் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, தலைமையாசிரியர்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வழிகாட்டுதலில் செலவிட்ட நேரம் மாணவர் முன்னேற்றத்தோடு சேர்ந்து வருவதைக் கண்டது. வகுப்புகளை எட்டிப் பார்த்துச் செல்வதில் செலவான நேரமோ எதிர்த்திசையில் இருந்தது. இந்த ஆய்வு அளந்தது மாணவர் அடைவை, பாடத்திட்டத்தை அல்ல. தொடர்பு மட்டுமே காரணமாகிவிடாது. ஆயினும் வெறும் பார்வையிடலால் பயனில்லை என்ற ஐயத்தை அது வலுப்படுத்துகிறது.

ஏட்டைப் பார்ப்பதை விட்டால் சிலர் ஆயத்தமே இல்லாமல் வகுப்புக்குப் போவார்கள் என்பது ஒரு மறுப்பு. அதில் உண்மை உண்டு. புதிய ஆசிரியருக்கு எழுத்துக் குறிப்பு தேவையும்கூட. ஆனால் எல்லோரும் எல்லாப் பாடத்துக்கும் விரிவாக எழுதவேண்டும் என்பது அதிலிருந்து பெறப்படாது. இங்கிலாந்தில் 2016இல் ஆசிரியர் பணிச்சுமையை ஆராய்ந்த குழு, அன்றாட விரிவான பாடத்திட்டங்களை வழக்கமான கட்டாயமாக்க வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. தலைமையாசிரியருக்கு நேரமில்லை, எல்லாப் பாடமும் தெரியாது என்பது இன்னொரு மறுப்பு. பாட அறிவுள்ள மூத்த ஆசிரியரிடம் உரையாடலை ஒப்படைத்து, அதற்குக் கால அட்டவணையில் ஒரு பாடவேளை ஒதுக்கித் தருவது தலைமையாசிரியரால் முடியும், அதுவும் மேற்பார்வையே.