குச்சியோடு வந்த தேமல்

மரவள்ளியில் தேமல் நோய் தோன்றினால் அதை முதலில் காட்டுவது கொழுந்து இலை. அகல விரிய வேண்டிய விரல்களில் ஒன்றிரண்டு சுருங்கி, ஒருபக்கம் திருகிக்கொள்ளும். பச்சைக்கு நடுவே வெளிர்மஞ்சள் திட்டுகள் தெரியும். செடி சாவதில்லை, அதனால்தான் இந்த நோய் நெடுங்காலம் பெரிதாக எண்ணப்படவில்லை. இலை பாதியாகச் சிறுத்தால் கிழங்கும் சிறுக்கும் என்பது அறுவடையில்தான் தெரியவரும்.

பழைய தென்னார்க்காட்டில் இந்தப் பயிர் எல்லா ஊரிலும் ஒரே அளவில் வேரூன்றவில்லை. செஞ்சி, அவலூர்பேட்டை, மேல்மலையனூர்ப் பக்கம் நெல்லும் மல்லாட்டையும் நிலத்தைப் பிடித்துக்கொண்டன. அங்கே குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளி சிறு பயிர். மேற்கே கள்ளக்குறிச்சி, சின்னசேலம், கல்வராயன் மலை அடிவாரம் தொடங்கி ஆத்தூர், சேலம், நாமக்கல் வரை அதுவே புன்செய்க்காரரின் பணப்பயிர். விழுப்புரம் மாவட்டத்தின் மரவள்ளி நிலத்தில் பெரும்பகுதி, 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதனோடு போய்விட்டது.

தென்னமெரிக்கப் பயிரான மரவள்ளியைப் போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரைக்குக் கொண்டுவந்தனர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதை ஏழைகளின் உணவாகப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூர் மக்களைக் காத்தது இந்தக் கிழங்குதான். அதே போர்தான் சேலத்தை ஜவ்வரிசி ஊராக்கியது. மலேயாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி தடைப்பட, சேலம் வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் அந்தத் தொழிலைப் பார்த்துப் பழகிய போபட்லால் ஷாவும் 1943இல் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். பிறகு ஆலைகள் பெருகின. 1981இல் அவற்றின் விற்பனைக்கு சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு வந்தது.

ஆலை வந்ததும் பயிரின் கணக்கே மாறிற்று. ஆலை வாசலில் மாதிரிக் கிழங்கை எடுத்து அதன் மாவுச்சத்தைப் ‘பாயிண்ட்’ கணக்கில் பார்த்து விலை பேசுவது வழக்கமானது. திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்தில் 1963இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1971இல் வெளியிட்ட எச்-226 என்ற வீரிய வகை, பாயிண்டும் விளைச்சலும் நன்றாகத் தந்ததால் சேலத்தைச் சுற்றிய காடுகளை நிரப்பியது. அந்த வகை தேமலுக்கு எளிதில் வசப்படும். இது விவசாயியின் அறியாமையால் வந்த வினை என்று எழுதுவது நியாயமல்ல. எந்தக் கிழங்குக்கு விலை கிடைத்ததோ அந்தக் குச்சியைத்தான் அவர் நட்டார்.

இந்த நோய் தென்னமெரிக்காவில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. மரவள்ளி தாய்நாட்டை விட்டு வந்தபின், வந்த நாடுகளில் ஏற்கெனவே இருந்த வைரஸ்களிடம் சிக்கிக்கொண்டது. 1894இல் இன்றைய தான்சானியாவில் ஜெர்மானிய அறிஞர் வார்பர்க் இதை முதன்முதலில் விவரித்தார். இந்தியாவில் 1950களில் இது பதிவானது. பின்னர் மரபணு ஆய்வில் இங்கே இரண்டு வைரஸ்கள் பிரித்தறியப்பட்டன: இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். பேர் இலங்கையானாலும் இரண்டாவது வைரஸ் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பரவியிருப்பது 2000க்குப் பின் உறுதியானது.

காட்டுக்குக் காடு நோயைத் தூக்கிச் செல்வது வெள்ளை ஈ. நோயுள்ள இலையில் சில மணிநேரம் சாறு உறிஞ்சிய ஈ, பல நாள் வரை வைரஸைச் சுமக்கும். ஆனால் ஊர்விட்டு ஊர், மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோனது மனிதரின் கை. மரவள்ளிக்கு விதைப்பு கிடையாது. அறுவடை செய்த தண்டைக் கட்டாகக் கட்டி மரநிழலில் நிறுத்திவைத்து, மழை கண்டதும் கரணையாக நறுக்கி நடுவார்கள். கரணைக்குள் வைரஸ் இருந்தால் துளிர்க்கும் செடி பிறப்பிலேயே நோயாளி. கூடவே இன்னொரு கண்ணியும் உண்டு. கடும் வெயிலில் அறிகுறி மங்கிவிடும். அறுவடை நேரத்தில் கீழ் இலைகள் உதிர்ந்து தண்டு மொட்டையாக நிற்கும். நோயுள்ளதையும் நல்லதையும் குச்சியைப் பார்த்துப் பிரிக்க யாராலும் முடியாது.

ஆகவே முதல் பரிகாரம் எளியது, ஆனால் காலம் தவறாமல் செய்ய வேண்டியது. இலை பச்சையாக இருக்கும் மாதங்களிலேயே நோயற்ற செடிகளுக்கு அடையாளம் கட்டிவைத்து, அறுவடையில் அவற்றின் குச்சியை மட்டும் எடுப்பது; முளைத்த சில வாரங்களில் தேமல் காட்டும் செடிகளைப் பிடுங்கி அழிப்பது. ஒருவர் மட்டும் பிடுங்கினால் பக்கத்துக் காட்டு ஈ வந்து பழையபடி ஆக்கிவிடும். ஸ்ரீகார்யம் நிலையம் இதற்கு மேலும் ஒரு வழி கண்டது. நுனித்திசு வளர்ப்பில் நோய் நீக்கிய செடிகளிலிருந்து இரண்டு கணு கொண்ட சிறு கரணைகளை வெட்டி, வலைக்கூடத்து நாற்றங்காலில் நெருக்கி நட்டு, தேமல் தெரிந்த நாற்றை அவ்வப்போது களைந்து, மூன்று நான்கு வாரத்தில் வயலுக்கு மாற்றுவது. வழக்கமான முறையில் ஒரு செடியின் குச்சி பத்துச் செடிக்கு ஆகும் என்றால், சிறு கரணையில் அறுபது வரை ஆகும். நல்ல குச்சிக்குப் பஞ்சம் நிலவிய வட்டாரத்துக்கு இது பெரிய உதவி.

நிலையான தீர்வு எதிர்ப்புச் சக்தியுள்ள வகைதான். அதன் வரலாறு தான்சானியாவின் அமானி ஆய்வு நிலையத்தில் 1930களில் தொடங்குகிறது. அங்கே ஸ்டோரியும் நிக்கல்சும் மரவள்ளியை அதன் உறவான சீயாரா ரப்பர் மரத்தோடு கலந்தனர். அந்த வழித்தோன்றல்கள் நைஜீரியா சென்று, 1970களில் இபாடானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் மேம்படுத்தப்பட்டன. அங்கிருந்து வந்த ஒரு வகை, ஸ்ரீபத்மநாபா என்ற பெயரில் தமிழ்நாட்டுக்காக வெளியிடப்பட்டது. 1990களில் உகாண்டாவில் கடுமையான தேமல் தாக்கி மக்கள் பட்டினி கிடந்தபோது அந்த நாட்டை மீட்டதும் இபாடான் வகைகளே.

இதற்கிடையே, முன்பு சொன்ன இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் 2015இல் கம்போடியாவில் தென்பட்டது. 2017இல் வியட்நாமையும் 2018இல் தாய்லாந்தையும் அடைந்தது. அங்கும் பெரும் வழி குச்சி வணிகமே.

சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் தேமலைத் தாங்கும் வகைகளை உருவாக்கி வருகிறது. ஸ்ரீகார்யத்திலிருந்து ஸ்ரீரக்ஷா போன்ற புதிய வகைகளும் வந்துள்ளன. ஆலை வாசலில் பாயிண்டுக்கே விலை என்ற வழக்கம் தொடர்வதால், எச்-226க்கு இணையான மாவைத் தேமல் இல்லாமல் தரும் வகையையே இரு நிலையங்களும் தேடுகின்றன.