தலையிலிருந்து இறங்கும் ரத்தத்துக்கு ஒரு மாற்று வாய்க்கால்

ஊரில் மதகு பழுதானால் என்ன செய்வார்கள்? பக்கத்தில் சின்னதாக ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீரைத் திருப்பிவிட்டு, அப்புறம்தான் மதகில் கை வைப்பார்கள். நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய சிரையில் கத்தி வைக்கும் மருத்துவர்களுக்கும் இதே வேலைதான். அந்தக் கதைதான் இன்று.

தலை, கழுத்து, கைகளிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் வந்து சேரும் பாதை மேற்பெருஞ்சிரை. அது அடைபட்டால் முகம் வீங்கும், கழுத்துச் சிரைகள் புடைக்கும். 1757-லேயே வில்லியம் ஹண்டர் இதை எழுதிவைத்தார். அவர் பார்த்த நோயாளிக்கு, வீங்கிய மகாதமனி இந்தச் சிரையை அழுத்திக்கொண்டிருந்தது.

சரி, வெட்டித் தைக்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். சிரையைக் கவ்வியால் பிடித்தாலும் தமனி வழியாக மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், வெளியேற வழி இருக்காது. மூளையில் அழுத்தம் ஏறும். இதயத்துக்கு வரும் ரத்தம் குறைவதால் உடலின் ரத்த அழுத்தமோ இறங்கும். ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து.

இதில் ஒரு வேடிக்கை. பல மாதமாக அடைப்பு இருப்பவர் இதைத் தாங்கிக்கொள்வார், ஏனென்றால் அவர் உடலே பக்கவழிச் சிரைகளை வளர்த்து வைத்திருக்கும். புற்றுக்கட்டி ஒட்டியிருந்தும் சிரை திறந்தே இருப்பவருக்குத்தான் பயம் அதிகம்!

தீர்வு ஒரு குழாய். கழுத்துக்குக் கீழுள்ள கிளைச்சிரையில் ஒரு முனை, இதயத்தின் வலது மேலறையில் மறுமுனை. அழுத்த வித்தியாசத்திலேயே ரத்தம் ஓடும். குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் உதவுகிறது. அதன் தொடக்கம், 1916-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மாணவர் செய்த ஆய்வு. ஆமாம், நம்மைப்போல ஒரு மாணவர்தான்.

1968-ல் ஷ்ராக் குழுவினர் இதே யோசனையைக் கீழ்ப்பெருஞ்சிரைக்கு எழுதினார்கள். ஈரல் சிதைந்தவர்களுக்கு, வலது மேலறை வழியாக இறக்கிய குழாய் ரத்தத்தை ஈரலைத் தாண்டிக் கடத்தும். அப்படியும் பிழைத்தவர்கள் குறைவே. 1976-ல் டோனால்ட் டோட்டி, நோயாளியின் கால்சிரையைச் சுருளாகச் சுற்றித் தைத்து, மேற்பெருஞ்சிரை அடைப்புக்கு நிரந்தர மாற்றுப்பாதை அமைத்ததை வெளியிட்டார்.

இன்று சிலர் இன்னும் எளிதாகச் செய்கிறார்கள். இடது கிளைச்சிரையை முதலில் செயற்கைக் குழாயால் மேலறையோடு இணைத்துவிட்டு, பிறகு பெருஞ்சிரையைத் தொடுகிறார்கள். மாற்று வாய்க்காலே நிரந்தர வாய்க்காலாகிவிடுகிறது!

தற்காலிகக் குழாய் என்றால், சிகிச்சை முடிவதற்குள் எடுத்துவிடுவார்கள். தன் மூளையைக் காப்பாற்றியது எது என்று நோயாளிக்குத் தெரியவே தெரியாது.

மருத்துவம் படிக்கும் நண்பர்களே, பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.