நூறாண்டு காணாமல் போன கதை

ஆஸ்திரேலியா என்றதும் கங்காரு நினைவுக்கு வரும். கிரிக்கெட் நினைவுக்கு வரும். உறவினர் பிள்ளை மெல்பர்னிலோ பெர்த்திலோ படிப்பது நினைவுக்கு வரும். அந்த நாட்டுப் பிள்ளைகள் இரவில் தூங்கப் போகும் முன் என்ன கதை படித்து வளர்ந்தார்கள் என்ற கேள்வி மட்டும் பலருக்குத் தோன்றியிருக்காது. அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனால், துப்பறியும் கதைக்கு நிகரான ஒரு செய்தி கிடைக்கிறது.

1994ஆம் ஆண்டு 'செவன் லிட்டில் ஆஸ்திரேலியன்ஸ்' என்ற சிறுவர் நாவலுக்கு நூறு வயது நிறைந்தது. எத்தல் டர்னர் எழுதிய அந்த நூல், நூறாண்டுகளாக ஒருமுறைகூட அச்சு நின்றுபோகாமல் விற்று வந்தது. ஆஸ்திரேலிய எழுத்தாளர்களில் அந்தப் பெருமை அப்போது வேறு எவருக்கும் இல்லை. நூற்றாண்டுப் பதிப்பை வாங்கியவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. தாங்கள் படித்த நூலில், தங்கள் தாயும் பாட்டியும் படித்த நூலில் இல்லாத ஒரு சிறு கதை அதில் இருந்தது. அது புதிதாக எழுதிச் சேர்த்த கதை அன்று. 1894ஆம் ஆண்டு முதற்பதிப்பில் இருந்து, அடுத்து வந்த பதிப்புகளில் வெட்டப்பட்ட கதை. ஏறக்குறைய நூறாண்டுக் காலம் அது வாசகர் கண்ணில் படவே இல்லை.

அந்தக் கதையில் அப்படி என்ன இருந்தது? அதைச் சொல்வதற்கு முன் நாவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

இங்கிலாந்தில் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே தாயுடன் சிட்னிக்கு வந்தவர் எத்தல் டர்னர். தம் இருபதுகளில் 1893ஆம் ஆண்டு இந்த நாவலை எழுதி முடித்தார். கண்டிப்பான ராணுவ அதிகாரியான தந்தை, வயதில் மிக இளைய சிற்றன்னை, அடங்காத ஏழு பிள்ளைகள் என்று அமைந்த குடும்பத்தின் கதை அது. இது நல்ல பிள்ளைகளின் கதை அல்ல என்று தொடக்கத்திலேயே வாசகரை எச்சரித்து விடுகிறார் ஆசிரியர். அந்தக் காலத்து இங்கிலாந்துச் சிறுவர் நூல்களில் பிள்ளைகள் பொம்மைகளைப் போல் நடந்துகொள்வார்கள். டர்னரின் பிள்ளைகள் தந்தையை ஏய்க்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், பள்ளி விடுதியிலிருந்து ஓடி வருகிறார்கள். பதின்மூன்று வயது ஜூடிதான் அவர்களில் துடுக்கு மிகுந்தவள். முறிந்து விழும் மரத்திலிருந்து குட்டித் தம்பியைக் காப்பாற்றி, அவள் இறந்து போகிறாள். அந்தப் பக்கங்களைப் படித்து அழாத ஆஸ்திரேலியப் பிள்ளை இல்லை என்றே சொல்லலாம்.

ஜூடி இறப்பதற்கு முன், கிராமப்புறத்தில் உள்ள ஒரு பெரிய கால்நடைப் பண்ணைக்குப் பிள்ளைகள் போகிறார்கள். அங்கே டெட்டாவொங்கா என்ற முதிய பூர்வகுடித் தொழிலாளி இருக்கிறார். உல்லாசப் பயணத்தின்போது, பண்ணையில் வேலை பார்க்கும் ஒரு வெள்ளையர், டெட்டாவொங்காவின் மக்களுடைய கதை ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். சிரிப்பது போலவே குரல் எழுப்பும் கூகபரா என்ற பறவையைப் பற்றிய பழங்கதை அது. கதையைத் தொடங்கும்போது, வெள்ளையர் வருவதற்கு முன் இந்த மண்ணின் மக்கள் வீரத்தோடும் மகிழ்ச்சியோடும் வாழ்ந்தார்கள் என்றும், வரப்போகும் கேட்டை அவர்கள் கனவிலும் கண்டதில்லை என்றும் போகிற போக்கில் அவர் சொல்லிவிடுகிறார்.

வெட்டுப்பட்டது இந்தக் கதைதான். ஜூடி இருந்தாள், மரம் இருந்தது, பண்ணை இருந்தது. அந்த மண்ணின் பழைய உரிமையாளர்களுடைய கதை மட்டும் இல்லை. கதை ஓட்டத்தில் எந்தத் தடங்கலும் இல்லாததால் வாசகர்களும் குறையை உணரவில்லை. ஆஸ்திரேலியச் சிறுவர் நூல்களின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு வெட்டின் வழியாகவே பார்த்துவிடலாம்.

தாய் தந்த முதல் நூல்

ஆஸ்திரேலியாவில் வெளிவந்த முதல் சிறுவர் நூல் 1841ஆம் ஆண்டு சிட்னியில் அச்சானது. 'எ மதர்ஸ் ஆஃபரிங் டு ஹெர் சில்ட்ரன்' என்பது அதன் பெயர். தாய் தன் பிள்ளைகளுக்குத் தரும் காணிக்கை என்று பொருள். நூலில் ஆசிரியர் பெயர் கிடையாது. நியூ சவுத் வேல்சில் நெடுங்காலம் வாழ்ந்த ஒரு பெண்மணி என்று மட்டும் போட்டிருந்தது. அந்தப் பெண்மணி சார்லட் பார்ட்டன் என்பதை மார்சி மியூர் என்ற ஆய்வாளர் 1980ஆம் ஆண்டுதான் நிலைநாட்டினார்.

சார்லட்டின் வாழ்க்கையே ஒரு நாவல். 1826ஆம் ஆண்டு ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியையாகக் கப்பலேறி வந்தவர். அந்தப் பயணத்திலேயே அறிமுகமானவரைத் திருமணம் செய்துகொண்டார். நான்கு குழந்தைகள் பிறந்த பின் 1834ஆம் ஆண்டு கணவர் இறந்தார். இரண்டாவதாக மணந்தவர் குடிகாரர், முரடர். 1839ஆம் ஆண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைவழியாக வீட்டை விட்டு வெளியேறினார் சார்லட். முதல் கணவரின் சொத்தை நிர்வகித்தவர்கள் பிள்ளைகளையே அவரிடமிருந்து பிரிக்கப் பார்த்தார்கள். நீதிமன்றம் ஏறிப் போராடினார். 1841ஆம் ஆண்டு தலைமை நீதிபதி டவ்லிங், பிள்ளைகள் தாயிடமே இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். நூல் வந்ததும் அதே ஆண்டில்தான். அவர் பெற்ற பிள்ளைகளும் நால்வர். நூலில் தாயிடம் கேள்வி கேட்கும் பிள்ளைகளும் நால்வர்.

இவ்வளவு துணிச்சல் மிக்க அந்தத் தாய் பூர்வகுடிகளைப் பற்றி எழுதும்போது மட்டும், அன்றைய குடியேற்றக்காரர்களின் இளக்காரப் பார்வையோடுதான் எழுதினார். ஆக, ஆஸ்திரேலியச் சிறுவர் இலக்கியத்தின் முதல் நூலிலேயே அந்தக் கோணல் விழுந்துவிட்டது.

1899ஆம் ஆண்டு வந்த 'டாட் அண்ட் தி கங்காரு'வில் இந்த முரண் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. காட்டில் வழிதவறிய சிறுமி டாட்டுக்கு ஒரு தாய்க் கங்காரு சில கனிகளைக் கொடுக்கிறது. அவற்றைத் தின்றதும் விலங்குகளின் மொழி அவளுக்குப் புரிந்துவிடுகிறது. மனிதன் தங்களுக்கு என்னென்ன கொடுமை செய்கிறான் என்று விலங்குகள் முறையிடுகின்றன. நூலை எழுதிய எத்தல் பெட்லி, அது வெளிவருவதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். ஆஸ்திரேலியப் பிள்ளைகள் தங்கள் நாட்டு விலங்குகளைக் காக்க வேண்டும் என்ற வேண்டுகோளோடுதான் நூல் தொடங்குகிறது. காலத்தை மிஞ்சிய சிந்தனை, ஐயமில்லை. ஆனால் அதே நூலில் பூர்வகுடிகள் இரவு நெருப்பைச் சுற்றி ஆடும் அச்சமூட்டும் உருவங்களாகவும், வேட்டை நாய்களோடு துரத்துகிறவர்களாகவுமே வருகிறார்கள். கங்காருவின் மொழியைப் புரிந்துகொள்ளக் கனி கிடைத்தது. மனிதனின் மொழியைப் புரிந்துகொள்ள அப்படி ஒரு கனி கிடைக்கவில்லை.

புட்டும் பூமொட்டும்

1901ஆம் ஆண்டு ஆறு காலனிகளும் இணைந்து ஒரே நாடாயின. புதிய நாடாளுமன்றம் முதலில் இயற்றிய சட்டங்களில் ஒன்று, வெள்ளையர் அல்லாதோர் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம். புதிய நாட்டுக்குத் தன் சொந்தக் கற்பனை உலகமும் வேண்டியிருந்தது. 1918ஆம் ஆண்டு அந்தக் குறை தீர்ந்தது. அந்த ஓராண்டில் இரண்டு நூல்கள் வந்தன.

ஒன்று, மே கிப்ஸ் எழுதி வரைந்த 'ஸ்னகிள்பாட் அண்ட் கடில்பை'. யூகலிப்டஸ் மரத்தின் காயைத் தொப்பியாக அணிந்த குட்டிக் குழந்தைகளின் கதை. பேங்சியா மரத்தின் கரடுமுரடான காய்கள்தான் அதில் வில்லன்கள். அந்தப் படங்களைச் சிறுவயதில் பார்த்தவர்கள் பெரியவர்களான பின்னும் பேங்சியா மரத்தைக் கண்டால் ஒதுங்கிப் போவார்களாம்! மே கிப்ஸ் 1969ஆம் ஆண்டு மறைந்தபோது, தம் நூல்களின் வருவாய் யூனிசெப் அமைப்புக்கும் உடற்குறையுள்ள குழந்தைகளுக்கும் போகும்படி உயில் எழுதி வைத்தார்.

மற்றொன்று, ஓவியர் நார்மன் லின்ட்சேயின் 'தி மேஜிக் புட்டிங்'. குழந்தைகளுக்குத் தேவதைக் கதைதான் பிடிக்கும் என்று நண்பர் ஒருவர் வாதிட, இல்லை, சாப்பாட்டுக் கதைதான் பிடிக்கும் என்று லின்ட்சே மறுத்தார். அதை நிரூபிக்கவே இந்த நூலை எழுதினார். வெட்ட வெட்டக் குறையாமல், தின்பவரைத் திட்டிக்கொண்டே இருக்கும் ஒரு புட்டிங்கின் கதை அது. மணிமேகலையின் அமுதசுரபிக்கு வாய் முளைத்தால் எப்படியிருக்கும், அப்படி!

இரண்டுமே அருமையான நூல்கள். ஆனால் காய்களும் பறவைகளும் புட்டிங்கும் பேசும் அந்தக் காட்டில், அந்தக் காட்டுக்கு உரிய மனிதர் எவரும் இல்லை. மே கிப்ஸின் மரக்குழந்தைகளின் தோலும் வெள்ளைதான்.

1933ஆம் ஆண்டு டாரத்தி வால் எழுதிய 'பிளிங்கி பில்' என்ற குறும்புக்காரக் கோவாலாவின் கதையில், குட்டியின் தந்தை வேட்டைக்காரனின் குண்டுக்குப் பலியாகிறது. அது வெறும் கற்பனையல்ல. 1927ஆம் ஆண்டு குயின்ஸ்லாந்து அரசு ஒரு மாதம் வேட்டைக்கு அனுமதி அளித்ததில், 5 லட்சத்துக்கும் அதிகமான கோவாலாக்கள் தோலுக்காகக் கொல்லப்பட்டன. நாட்டையே உலுக்கிய அந்த நிகழ்வுக்கு ஆறாண்டுகளுக்குப் பின் வந்த நூல் இது.

மேரி கிராண்ட் புரூஸ் எழுதிய பில்லபோங் வரிசையும் இங்கே குறிப்பிடத்தக்கது. 1910 முதல் 1942 வரை வந்த 15 நாவல்கள். குதிரைச் சவாரி, மாட்டுப் பண்ணை, அண்ணன் தங்கை பாசம் என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கவர்ந்தவை. பண்ணையில் வேலை செய்யும் பூர்வகுடி இளைஞன் பில்லியை அந்நூல்கள் பேசும் விதம் இன்று படிக்கக் கூசும். 1990களில் மறுபதிப்புப் போட்டவர்கள் அத்தகைய பகுதிகளைத் திருத்தியும் நீக்கியும் வெளியிட்டார்கள். இது சரியா என்பது விவாதத்துக்குரியது. டர்னரின் நூலில் பூர்வகுடிக் கதையை வெட்டினார்கள். புரூஸின் நூலில் பூர்வகுடிகளுக்கு இழைத்த அவமதிப்பை வெட்டினார்கள். இரண்டாவது நல்லெண்ணத்தோடு செய்ததுதான். ஆனாலும் தாத்தாமார் என்ன படித்து வளர்ந்தார்கள் என்பது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறதே!

சொந்தக் குரல்

1967ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆதரவளித்தபின், மக்கள்தொகைக் கணக்கில் பூர்வகுடிகளைச் சேர்க்காமல் விடச் சொன்ன பிரிவு அரசியலமைப்பிலிருந்து நீங்கியது. சிறுவர் நூல்களிலும் காற்று திசை மாறியது. பூர்வகுடிகளின் ஆவிகளையும் பூதங்களையும் மையமாக வைத்துப் பாட்ரிசியா ரைட்சன் எழுதிய 'தி நார்கன் அண்ட் தி ஸ்டார்ஸ்' 1973ஆம் ஆண்டு வந்தது. 1986ஆம் ஆண்டு அவருக்கு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது. ஆயினும் பிறருடைய புனிதக் கதைகளை ஒரு வெள்ளையர் எடுத்து எழுதலாமா என்ற கேள்வி அவரைத் தொடர்ந்தது.

அந்தக் கேள்விக்குச் செயலால் விடை சொன்னவர் மார்னிங்டன் தீவைச் சேர்ந்த லார்டில் இனத்தவர், கூபாலத்தால்டின் என்ற இயற்பெயர் கொண்ட டிக் ரஃப்சி. அவர் எழுதி வரைந்த 'தி ரெயின்போ செர்பன்ட்', அதாவது 'வானவில் பாம்பு', 1975ஆம் ஆண்டு வெளிவந்து, மறு ஆண்டே சிறந்த படநூலுக்கான விருதைப் பெற்றது. தன் மக்களின் கதையைத் தானே சொன்ன குரலை நாட்டின் பிள்ளைகள் அப்போது கேட்டார்கள்.

ஆங்கிலேயர் குடியேறி இருநூறாண்டு நிறைவதைக் கொண்டாட நாடு தயாரானபோது, நாடியா வீட்லியும் ஓவியர் டோனா ராலின்சும் 'மை பிளேஸ்' என்ற நூலைக் கொண்டுவந்தார்கள். ஒரே ஓர் இடம். அங்கே வாழ்ந்த பிள்ளைகள் 1988இலிருந்து பத்துப் பத்து ஆண்டுகளாகப் பின்னோக்கிப் போய் 1788வரை ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். கிரேக்கப் பிள்ளை, ஐரிஷ் பிள்ளை என்று பலர். முதலில் பேசும் சிறுமியும் பூர்வகுடி, கடைசியில் பேசும் சிறுமியும் பூர்வகுடி. 2009ஆம் ஆண்டு அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

அதன் பிறகு வந்த 'தி ராபிட்ஸ்' பெரியவர்களையே கலங்கடித்தது. 1998ஆம் ஆண்டு ஜான் மார்ஸ்டன் எழுத, ஷான் டான் வரைந்தார். கப்பலில் வந்திறங்கும் முயல்கள் நிலத்தைத் தின்று, பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகின்றன. முன்பே அங்கிருந்த சிறு விலங்குகள்தான் கதையைச் சொல்கின்றன. 1859ஆம் ஆண்டு விக்டோரியாவில் வேட்டைக்காக விடப்பட்ட இரண்டு டஜன் முயல்கள் பெருகிக் கண்டத்தையே மொட்டையடித்த வரலாறு அந்நாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். இந்த முயல்கள் யார் என்பது அவர்களுக்கு உடனே விளங்கியது. இதைக் குழந்தைகள் கையில் கொடுக்கலாமா என்று சிலர் கொதித்தார்கள். மறு ஆண்டே நூல் விருது பெற்றது.

அந்தப் படங்களை வரைந்த ஷான் டான் 1974ஆம் ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அவருடைய தந்தை கட்டடக் கலை படிக்க 1960ஆம் ஆண்டு அங்கே போன மலாயாச் சீனர். வெள்ளையர் அல்லாதோருக்கு எதிரான குடியேற்றக் கொள்கை நடப்பில் இருந்த காலம் அது. மாணவராகப் போகலாம், நிலைத்துத் தங்குவது எளிதல்ல. அவர் தங்கினார். மகன் 2006ஆம் ஆண்டு 'தி அரைவல்' என்ற நூலை வெளியிட்டார். குடும்பத்தை விட்டுவிட்டுப் பெட்டியோடு ஒருவர் அந்நிய ஊருக்குப் போகிறார். அங்கே எழுத்து புரியவில்லை, உணவு புரியவில்லை, பறவைகூட புரியவில்லை. நூலில் ஒரு சொல்லும் கிடையாது, எல்லாம் படங்கள். 2011ஆம் ஆண்டு ஷான் டானுக்கு ஆஸ்கார் விருதும், சிறுவர் இலக்கியத்துக்கான ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் விருதும் கிடைத்தன.

2023ஆம் ஆண்டு அக்டோபரில் இன்னொரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. பூர்வகுடிகளின் கருத்தை நாடாளுமன்றத்துக்குச் சொல்ல அரசியலமைப்பில் ஓர் அமைப்பு வேண்டுமா என்பது கேள்வி. நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். டெட்டாவொங்கா மக்களின் கூகபராக் கதையோ, நூற்றாண்டுப் பதிப்பில் மீண்டும் தன் இடத்தில், ஜூடி சாவதற்குச் சில பக்கங்கள் முன்னால் இருக்கிறது.