சிவப்பு தெரியாத கேமரா

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்று இருக்கலாம். கல்யாணம், காதுகுத்து, ஊட்டிப் பயணம் எல்லாம் எடுத்து முடித்து, செல்போன் வந்த பிறகு உறைக்குள் தூங்குகிற கேமரா. அதன் சென்சாருக்கு முன்னால் மெல்லிய நீலப்பச்சைக் கண்ணாடி ஒன்று பொருத்தியிருப்பார்கள். வானத்து வாயு மேகங்கள் ஒளிரும் முக்கியமான சிவப்பு நிறத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை அந்தக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. அதைக் கழற்றிவிட்டு நெபுலாக்களைப் படம் பிடிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அது எப்படித் தொடங்கியது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நம் மொட்டை மாடி விளக்கு பற்றிய விவாதத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தை மாதம் இரவு ஒன்பது மணிக்கு மாடிக்குப் போய் உச்சிக்குச் சற்றுக் கிழக்கே பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். பக்கத்தில் சிவப்பாக இருப்பது திருவாதிரை. அந்த மூன்றுக்கும் கொஞ்சம் தெற்கே மங்கலான ஒரு திட்டு இருக்கிறது. அதுதான் ஓரியன் நெபுலா. நமக்கு 1,300 ஒளியாண்டுகளுக்கும் அப்பால், புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயு மேகம்.

அதை முதன்முதலில் படம் எடுத்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஹென்றி டிரேப்பர். நாள் 1880 செப்டம்பர் 30, எக்ஸ்போஷர் 51 நிமிடம். அதற்கு முன் இருந்த ஈரத் தகடுகள் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். அத்தனை நேரம் வானத்தைக் காட்ட முடியாது. உலர் ஜெலட்டின் தகடு வந்ததால்தான் இது நடந்தது. 1882-ல் அவர் 137 நிமிடம் வரை போனார். அதே ஆண்டு நவம்பரில், 45 வயதில் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஆண்ட்ரூ காமன் எடுத்த ஒரு மணி நேரப் படத்தில், தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தாலும் தெரியாத நட்சத்திரங்கள் பதிவாகியிருந்தன. கேமராவைக் கண்ணுக்கு மேலான கருவியாக வானியலாளர்கள் மதிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஆனால் அந்தத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. நீலமும் ஊதாவும்தான் பதியும். நெபுலாவின் பெரும்பகுதி ஹைட்ரஜன். அருகிலிருக்கும் சூடான நட்சத்திரங்களின் புற ஊதா ஒளி பட்டு அது ஒளிரும்போது வருகிற முக்கியமான நிறம் 656.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஆழ்சிவப்பு. ஹைட்ரஜன் ஆல்ஃபா என்பார்கள். இருட்டில் நம் கண்ணும் அந்தச் சிவப்பைச் சரியாகப் பார்ப்பதில்லை. தொலைநோக்கியிலும் நெபுலா சாம்பல் நிறமாகத்தான் தெரியும்.

அந்தக் குறையோடும் 1888-ல் ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. ஹார்வர்டு வானாய்வகத் தலைவர் பிக்கரிங்கின் வீட்டில் வேலை செய்ய வந்து, பிறகு வானாய்வகத்தில் சேர்ந்த வில்லியமினா ஃபிளெமிங், ஒரு தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓரியனில் ஒளிரும் பட்டையில் ஒரு கரிய குழிவைக் கவனித்தார். இன்று எல்லாருக்கும் தெரிந்த குதிரைத்தலை நெபுலா அது. பின்னால் வந்த பட்டியலில் பிக்கரிங்கின் பெயர்தான் இருந்தது. இப்படி நடப்பது அந்தக் காலத்தில் மட்டும்தான் என்று நான் சொல்ல மாட்டேன்.

தகட்டில் சாயம் சேர்த்தால் அது மற்ற நிறங்களையும் உணரும் என்று 1873-லேயே ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோகல் காட்டியிருந்தார். நல்ல சிவப்புத் தகடு கைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, இதே ஹைட்ரஜன் சிவப்பில் சூரியனைத் தகடுகளில் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார்கள். சூரியன் பிரகாசமானது, சமாளித்துவிடலாம். மங்கலான நெபுலாவுக்கு அது போதாது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1943. கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலை. கீழே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். போர்க்காலம். ஜப்பான் தாக்கும் என்ற அச்சத்தில் நகர விளக்குகளை மங்கலாக்கியிருந்தார்கள். மலையிலிருந்த விஞ்ஞானிகளில் பலர் போர் வேலைக்குப் போய்விட்டார்கள். வால்டர் பாடே மட்டும் போக முடியவில்லை. அவர் ஜெர்மானியர், எதிரி நாட்டுக்காரர். ஆகவே உலகிலேயே அப்போது பெரியதாக இருந்த 100 அங்குலத் தொலைநோக்கி பெரும்பாலும் அவர் கையில்! ஆண்ட்ரோமிடா விண்மீன் மண்டலத்தின் மையம் அதுவரை எல்லாப் படங்களிலும் வெறும் வெளிச்சப் பூச்சாகவே இருந்தது. பாடே சிவப்பை உணரும் தகடுகளைப் போட்டு மணிக்கணக்கில் படம் எடுத்தார். அந்தப் பூச்சு தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரிந்து தெரிந்தது. அதை வைத்து, நட்சத்திரங்கள் இரண்டு வகைக் கூட்டங்கள் என்று 1944-ல் வெளியிட்டார். சிவப்புத் தகடும் அணைத்த விளக்கும், இரண்டும் சேர்ந்ததால் கிடைத்தது அது.

பிறகு பாலமர் மலையில் வடக்கு வானம் முழுவதையும் நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று என்று படம் எடுத்தார்கள். அந்தச் சிவப்புத் தகடுகளைப் பார்த்து ஸ்டூவர்ட் ஷார்ப்லெஸ் 1959-ல் 313 ஒளிரும் ஹைட்ரஜன் மேகங்களைப் பட்டியலிட்டார். இன்றும் மாடியில் படம் எடுப்பவர்கள் அந்த எண்களைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

சாதாரண ஆட்களுக்கு வழி திறந்தது டிஜிட்டலால். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் உருவாக்கிய சி.சி.டி.க்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. சிலிக்கான் சென்சாருக்குச் சிவப்பும் அகச்சிவப்பும் நன்றாகவே தெரியும். கொஞ்சம் அதிகமாகவே தெரியும் என்பதுதான் சிக்கல். அப்படியே விட்டால் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு பழுப்பாகத் தெரியும். அதனால்தான் கேமரா கம்பெனிகள் அந்த நீலப்பச்சைக் கண்ணாடியை வைத்தன. ஹைட்ரஜனின் சிவப்பும் சேர்ந்து அடிபட்டது.

2003-ல் கேனான் 300டி மலிவாக வந்ததும் ஆர்வலர்கள் அதைத் திறந்து கண்ணாடியை எடுத்தார்கள். சிலர் ஹைட்ரஜன் சிவப்பை விட்டு அகச்சிவப்பை மட்டும் தடுக்கும் வேறு கண்ணாடியைப் போட்டார்கள். 2005-ல் கேனானே 20டிஏ என்று வானத்துக்கென ஒரு கேமராவை விற்றது. பிறகு 60டிஏ, நிக்கானின் டி810ஏ எல்லாம் வந்தன.

யாராவது வீட்டில் செய்து பார்க்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை: கேமராவுக்குள் ஃபிளாஷுக்கான மின்தேக்கி இருக்கிறது, பேட்டரியைக் கழற்றிய பிறகும் கடுமையான ஷாக் அடிக்கும். பழகியவரிடம் கொடுத்துச் செய்வதே நல்லது. வாரண்டி போய்விடும். பகலில் எடுக்கும் படங்கள் சிவந்து வரும், ஒயிட் பேலன்ஸைக் கையால் மாற்ற வேண்டும். நட்சத்திரங்களோடு நகரும் ஸ்டாண்டு ஒன்றும் வேண்டும். அதைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சரிசெய்ய வேண்டும்; சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. நம் ஏ பிளாக்கிலிருந்து பார்த்தால் சி பிளாக் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். நேர்மாறாக நின்றால் கிடைக்கும்.

இனி விளக்கு விஷயம். பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியைப் பெருமளவு ஃபில்டர் போட்டுத் தடுக்க முடிந்தது. வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் பரவுகிறது. ஹைட்ரஜன் சிவப்பை மட்டும் விடும் குறுகிய ஃபில்டர் போட்டால் ஊருக்குள்ளும் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் பத்தடி தூரத்தில் ஃபிளட் லைட் லென்ஸைப் பார்த்து எரிந்தால் எந்த ஃபில்டரும் உதவாது.

போன மாதக் கூட்டத்தில் மாடியின் நான்கு மூலைகளிலும் ஃபிளட் லைட் போடலாம் என்று பேச்சு வந்தது. துணி எடுக்கப் போகும் பெரியவர்களுக்கு இருட்டு பயம் என்பது நியாயமான காரணம். அவர்களுக்குத் தரையில் வெளிச்சம் வேண்டும், வானத்தில் வேண்டாம். கீழ்நோக்கி மூடிய விளக்காகப் போட்டு, படிக்கட்டு வாசலில் ஒரு சுவிட்ச் வைத்தால் போதும். செலவும் கூடாது என்று நம் எலக்ட்ரீஷியன் சொல்கிறார். மனு செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

தை அமாவாசை இரவு எட்டிலிருந்து பத்து வரை ஏ பிளாக் மாடியில் கண்ணாடி கழற்றிய ஒரு கேமரா ஓரியனை நோக்கி நிற்கும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். செல்போன் டார்ச் மட்டும் வேண்டாம்.